கதவு மட்டும் பாக்கி

அன்று பிற்பகல் அந்த ஹாலில் இருந்தவர்கள்:

அண்ணன், சக்கர நாற்காலியில். பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட். இந்த வீட்டை வரைந்தவனும் அவன்தான், இந்த வீட்டு மாடிப்படியிலிருந்து உருண்டவனும் அவன்தான்.

அண்ணி, அவன் மனைவி. சமையலறைப் பக்கம் சுவரில் சாய்ந்தபடி. உட்காரச் சொன்னால் "இருக்கட்டும்" என்பாள்.

அத்தை, செத்துப்போன அப்பாவின் தங்கை. சோபாவின் நடுவில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. எந்த வீட்டுக்குப் போனாலும் குழாய்களைத் திறந்து பார்த்த பிறகுதான் உட்காருவார்.

தச்சர், தன் பெட்டிமேல். காதில் பென்சில்.

குள்ளி, அண்ணனின் ஒரே தங்கை. உடம்புக்கு முடியாதவர்கள் புழங்குகிற மாதிரி வீடுகளை மாற்றி அமைப்பது அவள் தொழில்.

அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த ஒரு புதுக் கதவு.

அந்தக் கதவு இருக்கவேண்டிய இடத்தைச் சோபாவில் உட்கார்ந்திருந்த யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. நேர் எதிரே சுவரில் அகலமான திறப்பு. அதற்குள் பளபளவென்று ஒரு கழிப்பறை. பீங்கானுக்கு இரண்டு பக்கமும் கருநீலக் கைப்பிடிக் கம்பிகள். விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. நாடகம் தொடங்குவதற்கு முன் மேடை இருக்குமே, அந்த மாதிரி.

எல்லாம் முடிந்துவிட்டது. கதவு மட்டும் பாக்கி.

அண்ணன் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தான். அது குள்ளிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

அப்பா கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலை பார்த்தவர். வராந்தாவில் நின்று ஒரு சாட்சியைக் கூப்பிட்டால், தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான் என்பார்கள். குரல் அப்படி. ஆளும் அப்படித்தான். பெற்ற பிள்ளைகள்கூட அவரைச் சட்டைப் பொத்தான் போடாமல் பார்த்ததில்லை. குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குள்ளியும் அண்ணனும் வளர்ந்தார்கள்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அவரை அண்ணன் இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தான். நல்ல மகன் என்று ஊரே சொன்னது. வீடும் அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. பத்திரிகையில் படம் வந்த வீடு. கீழ்த்தளம் முழுக்கச் சுவரே கிடையாது. சுவர் வைத்தால் வெளிச்சம் செத்துப்போகும் என்பது அண்ணனின் கொள்கை. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் தவிரக் கீழே இருந்த ஒரே கதவு இந்தக் குளியலறைக் கதவுதான். அப்பாவுக்கு ஹாலின் மூலையில் ஒரு கட்டில் போட்டு, அண்ணி ஒரு பச்சைத் திரையைக் கட்டிவிட்டாள்.

அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே திறந்ததும் நின்றுவிடும். அந்த இடைவெளியில் ஓர் ஆள் நடந்து போகலாம். சக்கர நாற்காலி போகாது. அப்பா கட்டிலுக்குப் போனார். கட்டிலிலேயே எல்லாம் ஆனது. திரைக்கு இந்தப் பக்கம் அண்ணனின் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து தரைக் கல்லைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் அப்பா, அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

அப்போது குள்ளிக்கு இந்தத் தொழில் தெரியாது. பொருட்காட்சிகளில் கடை ஜோடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்துச் சொன்னார்.

"போக மாட்டேங்குதும்மா."

அவள் அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டாள். அவன் கத்தவில்லை. வரைபடத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தான். அதில் கதவு முழுக்கத் திறந்து, கால்வட்டம் போட்டு, சுவரோடு அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சிலால் சக்கர நாற்காலியைக்கூட வரைந்து காட்டினான்.

"பாரு. ப்ளான்ல போகுது. அப்புறம் என்ன?"

"நெஜத்துல போகலையே."

"அப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சு குள்ளி. முயற்சியே பண்ண மாட்டேங்கறார். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ட்ரை பண்ணியிருப்பாரா? கேளு."

இதையே அவன் எல்லோரிடமும் சொன்னான். அத்தையிடம் சொன்னான். அத்தை நேராக வந்து, திரையை விலக்கி, தன் அண்ணன் என்றும் பாராமல் அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். "பெத்த புள்ள இவ்ளோ பெரிய வீடு கட்டி வச்சிருக்கான், நாலடி நகர ஒனக்கு ஒடம்பு வணங்கலயாண்ணா? மருமக கையாலயா இதெல்லாம் செஞ்சுப்பே? வெக்கமா இல்ல?" ஊரையே கூப்பிட்ட வாய். அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நாளில், அதே கட்டிலில், அதே திரைக்குப் பின்னால், செத்தும் போனார். சோம்பேறியாகிச் செத்தார் என்று குடும்பத்தில் பேச்சு நிலைத்துவிட்டது.

குள்ளி இந்த வீட்டுக்கு வருவதை விட்டாள். தொழிலையும் மாற்றினாள். எங்கெங்கோ போய்க் கற்றுக்கொண்டாள். யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு வளையத்தைத்தான் எடுத்துப்போவாள். பிளாஸ்டிக் குழாயை வளைத்து ஒட்டியது. ஒரு சக்கர நாற்காலி நின்ற இடத்தில் முழுசாகத் திரும்ப எவ்வளவு வட்டம் வேண்டுமோ, அவ்வளவு பெரியது. அதைத் தரையில் போடுவாள். தட்டையாகப் படுத்தால் அங்கே மனுஷன் திரும்பலாம். எங்காவது இடித்து எழும்பி நின்றால் அதை இடிக்கவேண்டும். வரைபடத்தைக் கேட்கவே மாட்டாள். நீட்டினால்கூட, "அது இருக்கட்டுங்க" என்பாள்.

அண்ணன் விழுந்த செய்தி வந்தபோது அவள் வேறொரு வீட்டில் கைப்பிடிக் கம்பியில் தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வீட்டு மாடிப்படி சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கைப்பிடி வைத்தால் கோடு கெட்டுப்போகுமாம். காபிக் கோப்பையோடு இறங்கியவன் கீழே வந்து சேர்ந்தான், கோப்பைக்கு முன்னாலேயே. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருந்தது, வலு இல்லை. இனி நாற்காலிதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அண்ணிதான் போன் பண்ணினாள்.

"வேற யாரையும் உள்ள விடமாட்டேங்கறார். இன்னொரு ஆர்க்கிடெக்ட் வந்து தன் வீட்ட இடிக்கிறதப் பாக்க முடியாதாம். நீன்னா பரவால்லன்னு சொன்னார்."

"பரவால்லன்னா சொன்னான்?"

"அந்த வார்த்தையத்தான் சொன்னார். வருவியா?"

குள்ளி வந்தாள். வரும்போது அவள் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கதவைக் கழற்றிப்போடவேண்டும், அதை அவன் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால், அதோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

அண்ணன் கிடந்தது அப்பாவின் கட்டிலில். அதே மூலை. மாடிக்குத்தான் போக முடியாதே. அதே பச்சைத் திரை, கொஞ்சம் வெளுத்திருந்தது.

"வா குள்ளி. ஒன் வளையத்த எடுத்துட்டு வந்தியா? சர்க்கஸ் நாய் எங்க?"

"கட்டில்ல படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள்.

வளையத்தைப் போட்டாள். போடவே முடியவில்லை. கழுவு தொட்டி பாதி இடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரே கல்லில் குடைந்த தொட்டி, கருங்குதிரை மாதிரி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு. அண்ணன் அன்று விரித்துக் காட்டிய வரைபடத்தில் அது இல்லை. பத்திரிகைக்காரர்கள் வீட்டை விட்டுவிட்டு அதைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். கதவைத் திறந்து பார்த்தாள். வழக்கம்போல நின்றது. கல்லில் இடித்து நிற்கவில்லை. கல்லுக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றது.

குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு பித்தளைக் குமிழ், அரைவட்டமாக, ரப்பர் வைத்தது. கதவைத் தடுக்கிற குமிழ். மாடியில் இருக்கிற ஒவ்வொரு கதவுக்கும் அண்ணன் இதே குமிழைத் தானே வரைந்து செய்யவைத்திருந்தான். அங்கெல்லாம் அது சுவரோரத்தில் இருக்கும். இங்கே மட்டும் வழியின் நடுவில். கதவு கல்லைத் தொடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பதித்தது.

குள்ளி ரொம்ப நேரம் குந்தியபடியே இருந்தாள். கதவு கல்லில் இடிக்கும் என்று தெரிந்தவன்தான் அங்கே குமிழ் வைப்பான். தெரியாதவன் வைக்கமாட்டான்.

சமையலறைக்குப் போய் அண்ணியிடம் கேட்டாள்.

"அந்தப் பித்தளை எப்ப போட்டது அண்ணி?"

அண்ணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மாமா வந்த அப்புறம்."

"ஏன்?"

"மாமா ஒரு நாள் தானே நாற்காலிய உருட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் கொல்லையில இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தா, கதவ நாற்காலியால முட்டிக்கிட்டிருக்கார். மறுபடி மறுபடி. தலையெல்லாம் வேர்வை. கல்லுல ஒரு சில்லு பேந்து கீழ கெடந்துச்சு. ஒங்கண்ணன் சாயங்காலம் வந்து சில்லப் பாத்தார். அடுத்த நாளே ஆளக் கூட்டியாந்து குமிழ் போட்டுட்டார். கல்லு ஒடஞ்சா மறுபடி கெடைக்காதுன்னார்."

"அப்பா ட்ரை பண்ணவே இல்லன்னு ஊர் பூரா சொன்னானே."

"சொன்னார்."

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

அண்ணி குழாயை மூடினாள். "கேக்க யாராச்சும் இந்தச் சமையக்கட்டுக்குள்ள வந்தீங்களா?"

குள்ளி அன்றே வேலைத் திட்டத்தை மாற்றினாள்.

முடியாதவர் இருக்கிற வீட்டில் முதலில் செய்வது குளியலறை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் இதில் வாதம் செய்யமாட்டார்கள். அவள் வாசலில் ஆரம்பித்தாள். படியை எடுத்துவிட்டு மூச்சு வாங்காமல் ஏறுகிற சரிவுப்பாதை போட்டாள். நிலைப்படிகளைத் தரையோடு இழைத்தாள். சமையல் மேடையின் ஒரு பகுதியை இறக்கி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டாள். மின்சுவிட்சுகள் கீழே இறங்கின, பிளக்குகள் மேலே ஏறின. வழுக்குகிற இடமெல்லாம் தரையைச் சொரசொரப்பாக்கினாள். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாள்; அண்ணன் இனி ஏறப்போவதில்லை என்றாலும் வைத்தாள். அது அண்ணிக்காக.

ஒவ்வொன்றும் சுத்தமான வேலை. எதிலாவது ஒரு குறை வைத்தால் அது அவன் கையில் ஆயுதமாகிவிடும். குறை சொல்ல அவனுக்கு ஒரு நூல்கூடக் கிடைக்கக் கூடாது.

கட்டிலில் கிடந்தபடி அவன் எல்லாவற்றையும் பார்த்தான். திரைக்கு இந்தப் பக்கம் கொத்தனாரும் மின்வேலைக்காரரும் தச்சரும் போனார்கள், வந்தார்கள். திரைக்குப் பின்னால் அண்ணி பாத்திரத்தோடு போனாள், வந்தாள். தச்சர் நல்ல மனுஷர். அந்த நேரத்தில் வேண்டுமென்றே ரம்பத்தை ஓடவிடுவார். குள்ளி அதைக் கவனித்தாள். "கரன்ட் வீணாக்காதீங்க" என்று நிறுத்தச் சொன்னாள்.

கடைசியில் அண்ணன் கேட்டேவிட்டான்.

"ஏய், பாத்ரூம்தானே முதல்ல பண்ணுவாங்க?"

"ப்ளான்ல போகுதேண்ணா. என்ன அவசரம்?"

அவன் முகம் சுருங்கியது. "பழசெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுப் பேசாத."

"நீதான் ட்ரை பண்ண மாட்டேங்கற. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ போய்ப் பாரேன்."

அவன் போய்ப் பார்த்தான். அவளுக்குக் காட்டவேண்டும் என்ற வீம்பு. நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினான். குமிழில் நின்றது. பின்னால் வந்து இன்னொரு தடவை முட்டினான். தன் கையால் வரைந்த குமிழ், அசையவில்லை. நாற்காலியின் சக்கரம் நிலையில் மாட்டிக்கொண்டது. பின்னால் வரவும் முடியாமல் போகவும் முடியாமல் அவன் நடுவில் நின்றான். தச்சர் எழுந்தார். குள்ளி கையைக் காட்டி உட்காரவைத்தாள்.

"என்னண்ணா?"

அவன் திரும்பவில்லை. "போக மாட்டேங்குது" என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு இரக்கம் வரும் என்று அவளே பயந்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறொன்று. இவனுக்கு இந்தச் சொல் இப்போதுதான் கிடைத்தது. அப்பாவுக்கு அது வேளாவேளைக்குக் கிடைத்தது.

"அந்தக் குமிழ யார்ணா போட்டது?" என்று கேட்டாள்.

அவன் நிலையில் மாட்டிய சக்கரத்தைப் பிடித்து இழுத்தான்.

"தெரிஞ்சேதானே போட்ட?"

"வீட்ட அப்பதான் முடிச்சிருந்தேன். அந்தக் கல்லு... ஒனக்குப் புரியாது. அத ஒடச்சா டிசைனே போச்சு. அப்பா எத்தன நாள் இருக்கப்போறார்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்." கொஞ்சம் பொறுத்து, "சரி, இப்ப அத எடுத்துடு. எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றான்.

யோசித்துத்தான் செய்திருக்கிறான். அதையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தன் கஷ்டத்தையும் சொல்கிறான். தப்பு என்ற வார்த்தை மட்டும் எங்கும் வரவில்லை. அந்த நிமிஷம்வரை அவள் கேட்க நினைத்திருந்தது ஒரு மன்னிப்பு. இப்போது அது போதாது. தனியாக, நாலு சுவருக்குள் சொல்கிற மன்னிப்பு யாருக்கு வேண்டும்? அப்பாவைச் சோம்பேறி என்று அவன் ஊருக்கே சொன்னான். இல்லை என்பதையும் ஊருக்கே சொல்லட்டும்.

"எடுக்கறேன்" என்றாள். "இந்த வாரமே எடுத்துடறேன். அத்தையையும் சித்தப்பாவையும் வரச் சொல்லலாம். வீடு பூரா முடிஞ்சிருக்கும், வந்து பாக்கட்டும்."

கல் தொட்டியை உடைக்கும்போது அண்ணனை எதிரிலேயே உட்காரவைத்தாள். கொத்தனார் சம்மட்டியை ஓங்குவதற்கு முன் தயங்கினார்.

"வேணாம் குள்ளி" என்றான் அண்ணன். "அது ஒரே கல்லு. அந்த மாதிரி இன்னொண்ணு கெடையாது."

"எனக்கு அப்பாவும் ஒரே அப்பாதான். நீங்க அடிங்கண்ணே."

கொத்தனார் அடித்தார். முதல் அடியிலேயே அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஏதோ பழைய விரிசல் இருந்திருக்கும். ஒருவேளை அப்பா முட்டிய இடமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். குள்ளி அப்படித்தான் நம்பினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளியலறையில் அவள் காட்டிய அக்கறையை எந்த வீட்டிலும் காட்டியதில்லை. சிறிய தொட்டி, அடியில் கால் நுழையும்படி. உட்கார்ந்தபடி முகம் தெரிகிற கண்ணாடி. சுவரில் மடக்கி வைக்கிற குளியல் இருக்கை. டைல்ஸ் மேல் சும்மா திருகிவிடாமல், டைல்ஸுக்குப் பின்னால் கனப்பலகை கொடுத்துப் பதித்த கம்பிகள். கண் மங்கியவருக்கும் தெரியவேண்டும் என்று கருநீலம். விழுந்து தரையில் கிடந்தாலும் கைக்கு எட்டுகிற மணிக்கயிறு. ஒவ்வொரு கம்பியிலும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். வளையத்தைத் தரையில் போட்டாள். பாய் விரித்த மாதிரி படுத்தது.

பழைய கதவையும் நிலையையும் பெயர்த்து, திறப்பை அகலமாக்கினாள். புதுசுக்கு மேலே ஓடுகிற தண்டவாளத்தில் தொங்கும் தள்ளு கதவு. ஒரு விரலால் தள்ளினால் போதும். தாழ்ப்பாள் பெரிய நெம்புகோல் மாதிரி, விரல் பிடிக்காதவர்கள் முழங்கையால் தட்டினாலே விழும். தண்டவாளம் மாட்டியாயிற்று. கதவு இழைத்து, மெருகு போட்டு, தயாராக நின்றது.

"தூக்கி மாட்டறதுதான் மேடம், ஒரு டீ குடிக்கற நேரம்" என்றார் தச்சர், அத்தையும் சித்தப்பாவும் வரவேண்டிய நாள் காலையில்.

"இருக்கட்டும். அப்புறம் மாட்டலாம்."

"விருந்தாளிங்க வர்றாங்களே. சார் பாவம்."

"பாவம்தான்."

தச்சர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டிமேல் உட்கார்ந்தார். கதவு சுவரில் சாய்ந்தது.

அண்ணன் திறப்பைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். முட்டாள் இல்லை. தொழில் தெரிந்தவன்.

"திரையையாவது கட்டு" என்று அண்ணியிடம் சொன்னான்.

"தொவைக்கப் போட்டுட்டேங்க" என்றாள் அண்ணி. கொடியில் பச்சையாக எதுவும் காயவில்லை. குள்ளி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து, எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்குப் போய்ப் பாத்திரம் கேட்கவும் வழியில்லை. திரை இல்லாத கட்டிலும் ஹால்தான். அவர்கள் வருவதற்குள் அவன் போயிருக்கலாம். தச்சர் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஆனால் அவனுக்கு வீம்பு. கதவு இல்லாத கழிப்பறைக்குள் அவன் போகமாட்டானாம். பார்க்கலாம் யார் ஜெயிக்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவர்கள் வந்துவிட்டார்கள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவன் தலையைத் தடவினாள். "எப்படி இருந்த புள்ள!" என்றாள். அப்புறம் எதிரே இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதென்னடி குள்ளி, பொட்டல் மாதிரி?" என்றாள்.

"இன்னும் கதவு மாட்டல அத்த."

சித்தப்பா அதற்குள் உள்ளே போயிருந்தார். தொட்டிக் குழாயைத் திறந்தார். மூடினார். "நல்ல வேகம்" என்றார். குளியல் குழாயைத் திறந்தார். தண்ணீர் சோ என்று கொட்டியது. "வெந்நி வருதா பாக்கறேன்" என்று அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

இதைக் குள்ளி திட்டமிடவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அண்ணன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். நெற்றியில் வியர்வை. அண்ணி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். அவனுக்கும் நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான்.

"குடிடா, தெம்பா இருக்கும்" என்றாள் அத்தை.

"வேணாம் அத்த."

"ஒங்கப்பன் மாதிரியே ஆயிடாத. படுக்கையில விழுந்ததும் மனச விட்டுட்டான் அவன். நீயாவது மனசு வச்சு எழுந்து நடமாடணும். அவனுக்குத்தான் நாலடி நகர முடியல."

குள்ளி அண்ணனைப் பார்த்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"குள்ளி" என்றான் மெதுவாக. "கதவ மாட்டு."

"மாட்டிடலாம். அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்னியே, சொல்லிடு."

"நான் எதுவும் சொல்லணும்னு சொல்லல."

"அப்ப டீ குடி."

சித்தப்பா உள்ளிருந்து, "வெந்நி வந்துடுச்சு!" என்று கத்தினார். மூடவில்லை, இப்போது அதன் சூடு எவ்வளவு என்று பார்க்கவேண்டியிருந்தது.

அண்ணன் உதட்டைக் கடித்தான். சோபாவைப் பார்த்தான். வெளிச்சம் சாகக் கூடாதென்று சுவரே இல்லாமல் அவன் வரைந்த ஹால். ஒளிய ஒரு மூலைகூட இல்லை.

"அப்பா ட்ரை பண்ணார் அத்த" என்றான்.

"என்னது?"

"சத்தமா சொல்லு. அப்பா பேர் கூப்பிடற மாதிரி" என்றாள் குள்ளி.

"அப்பா ட்ரை பண்ணார்! நாற்காலிய வச்சு முட்டி முட்டிப் பாத்தார். கதவு தெறக்காது. கல்லுல இடிக்கும். எனக்குத் தெரியும். கல்லு ஒடையக் கூடாதுன்னு நான்தான் குமிழ் வச்சு மறிச்சேன். அவர் சோம்பேறி இல்ல. நான்தான் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தப்பு. என் தப்பு. போதுமா?"

உள்ளே தண்ணீர் நின்றது. சித்தப்பா ஈரக்கையோடு திறப்பில் வந்து நின்றார்.

அத்தை டீயைக் கீழே வைத்தாள். "வெக்கமா இல்லயான்னு கேட்டேன்டா நான்" என்றாள். "என் அண்ணன. என்னத் தூக்கி வளத்தவன. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். பதில்கூடச் சொல்லல." எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவன் நீட்டிய கையை ஒரு நாற்காலியைத் தாண்டுவது மாதிரி தாண்டிப் போனாள். வாசலுக்கு வெளியே, குள்ளி போட்ட சரிவில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. சித்தப்பா ஒருதரம் எல்லோரையும் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார். எந்தக் குழாயையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதுமா?" என்று மறுபடி கேட்டான் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

"அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

தச்சரிடம் தலையை அசைத்தாள். அவர் எழுந்து, காதுப் பென்சிலைச் சரிசெய்துகொண்டு, கதவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் குள்ளி பிடித்தாள். தூக்கித் தண்டவாளத்தில் உருளைகளை உட்காரவைத்தார்கள். இரண்டு திருகு. ஒரு விரலால் இழுத்துப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் ஓடியது. நல்ல வேலை.

அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் உருட்டிக்கொண்டு போனான். திறப்பில் எதுவும் இடிக்கவில்லை. உள்ளே ஒரே சுற்றில் திரும்பினான். கையை நீட்டிக் கதவை இழுத்தான். அது ஓடிவந்து மூடிக்கொண்டது.

பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, உள்ளிருந்து ஒரு தடவை கதவை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.